சுரங்கத் தண்ணீர்: ஆற்றிலிருந்து இழுப்பதா, குட்டையிலேயே சுற்றுவதா? கணக்குத் தெரிந்தவர்கள் வரவும்

செந்தூல்வாசி | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். வேலை விஷயமாக ஒரு சந்தேகம். இங்கே அனுபவசாலிகள் இருப்பதால் கேட்கிறேன்.

கோலாலம்பூரில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். பேராக் பக்கம் ஓர் ஈயச் சுரங்கத்துக்கு (வெள்ளீயம்) நீர்க்கணக்குப் போடும் வேலை வந்திருக்கிறது (பெயர் கேட்காதீர்கள்). திறந்தவெளிக் குழி. நாளுக்கு 1,000 டன் மண்ணையும் கல்லையும் அரைத்து அலசுகிறார்கள். அதற்கு ஆற்றிலிருந்து நாளுக்கு 4,000 கன மீட்டர் இழுக்கிறார்கள். அலசிய சேறு குட்டைக்குப் போகிறது. குட்டை வழிந்தால் கீழே ஓர் ஓடை, ஓடை மறுபடி ஆற்றுக்கு. குட்டைத் தண்ணீர் பால் கூடிப்போன தே தாரே நிறத்தில் இருக்கிறது.

போன வாரம் தவுக்கே (சுரங்க முதலாளி) ஒரே கேள்விதான் கேட்டார். "ஆத்துத் தண்ணி சும்மா வருது. குட்டைத் தண்ணியைத் தெளிய வச்சுத் திரும்ப எடுக்க நான் ஏன் காசு போடணும்?" மலாயில் கேட்டார், அர்த்தம் இதுதான். சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். கணக்காகச் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஈப்போ_பழசு | செவ்வாய், இரவு 11.15

தம்பி, நான் இப்போது பூச்சோங்கில் இருந்தாலும் பிறந்து வளர்ந்தது பேராக்கின் கிந்தாவில். அப்பா ஈயக் குட்டையில் வேலை பார்த்தவர்.

அந்தக் காலத்து முறையே தண்ணீர்தான். மானிட்டர் என்று ஒரு தடித்த குழாய், அதன் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரை இடிப்பார்கள். இடிந்த சேறு குழியின் அடியில் சேரும். கிராவல் பம்பு அதை மேலே தூக்கி பாலோங்கில் விடும். பாலோங் என்பது சாய்வாகக் கட்டிய நீண்ட மரத் தொட்டி, பனைமர உயரத்துக்குக் கால் வைத்து நிற்கும். கனமான ஈயம் குறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் தங்கிவிடும், மண் ஓடிவிடும். தண்ணீர் இல்லாத நாளில் சம்பளம் இல்லை. அப்போதே குட்டைத் தண்ணீரைத்தான் தெளியவிட்டுத் திரும்ப எடுத்தார்கள். யாரும் அதற்குப் பெரிய பெயர் வைக்கவில்லை.

1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. அப்பா லோரி ஓட்டப் போனார். குட்டைகள் அப்படியே கிடந்தன.

ஆற்றில் சேறு விட்டால் என்ன ஆகும் என்று தவுக்கேக்குக் காட்ட வேண்டுமானால் சிலாங்கூரின் கோலகுபுவுக்குக் கூட்டிப் போங்கள். 1883-இல் அணை உடைந்து ஊரே அடித்துக்கொண்டு போனது. அப்புறமும் மேலே இருந்த ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றில் படிந்து படிந்து வெள்ளம் நிற்கவே இல்லை. கடைசியில் ஊரையே தூக்கி வேறு இடத்தில் வைத்தார்கள். கோலகுபு பாரு என்ற பெயரில் அந்த 'பாரு' (மலாயில் 'புதிய') ஏன் இருக்கிறது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது.

பம்புக்காரன் | புதன், காலை 7.50

பசியாறிக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஆற்றுத் தண்ணீர் சும்மா வருவதில்லை, மின்சாரத்தில் வருகிறது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். அதை 100 மீட்டர் உயரம் தூக்க 0.27 யூனிட் வேண்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 விழுக்காடு திறனில் ஓடினால் 0.39. யூனிட் 40 சென் என்று வைத்துக்கொண்டால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 16 சென்.

ஆறு எவ்வளவு கீழே இருக்கிறது? குட்டை எவ்வளவு கீழே? குழாய் உராய்வையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி | புதன், காலை 8.30

ஆறு, உராய்வும் சேர்த்து 50 மீட்டர். குட்டை 15 மீட்டர்.

பம்புக்காரன் | புதன், காலை 8.45

அப்படியானால் ஆற்றுத் தண்ணீர் கன மீட்டருக்கு 8 சென், நாளுக்கு 320 வெள்ளி (ரிங்கிட்). அதே அளவு குட்டையிலிருந்து எடுத்தால் சுமார் 95 வெள்ளி. மிச்சம் நாளுக்கு 225 வெள்ளி. ஒரு கிராவல் பம்பின் உறையை மாற்றினால் இதில் பல மாதக் காசு போய்விடும். இதை மட்டும் காட்டினால் தவுக்கே சிரிப்பார், சிரிப்பதும் சரிதான். வேறு எங்காவது காசு ஒளிந்திருக்க வேண்டும்.

பட்டர்வொர்த்_அக்கா | புதன், மதியம் 1.05

தம்பிகளா, நான் ஆய்வகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் இருவரும் தண்ணீரை மட்டும் பார்க்கிறீர்கள், ஈயத்தை மறந்துவிட்டீர்கள்.

ஈயக் கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல் 7 மடங்கு, சாதாரண மணலுக்கு 2.65. இந்த வித்தியாசத்தில்தான் மொத்தத் தொழிலும் நிற்கிறது. தண்ணீரில் களிமண் கலந்து கொழகொழவென்று ஆகிவிட்டால் பொடி ஈயம் அடியில் இறங்காமல் சேற்றோடு போய்விடும். நாளுக்கு 1,000 டன், அதில் 0.3 விழுக்காடு ஈயம் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 3 டன் ஈயம். கலங்கல் தண்ணீரால் அதில் நூற்றுக்கு ஒன்று நழுவினால் 30 கிலோ. டன் 30,000 டாலர் என்றால் நாளுக்கு 900 டாலர் போச்சு. உங்கள் 225 வெள்ளி எங்கே, இது எங்கே?

ஆகவே திரும்ப எடுப்பதென்றால் தெளிந்த தண்ணீரை எடுக்க வேண்டும். கலங்கலை அப்படியே சுற்றினால் மின்சாரத்தில் மிச்சம் பிடித்து ஈயத்தில் கோட்டை விட்ட கதைதான்.

தெளிய எவ்வளவு நேரம்? 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) மண்துகள் ஒரு மீட்டர் இறங்க முக்கால் மணி நேரம். 2 மைக்ரான் களிமண்ணுக்கு மூன்று நாள். துகள் பத்தில் ஒன்றானால் வேகம் நூற்றில் ஒன்று. உங்கள் குட்டையில் தண்ணீர் மூன்று நாள் அசையாமல் நிற்கிறதா? நிற்காது. மழை வந்தால் மூன்று மணி நேரத்தில் வழிந்துவிடும்.

வீட்டிலேயே பாருங்கள். ஒரே மாதிரி ஆறு கண்ணாடி கிளாஸ், ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் குட்டைத் தண்ணீர். படிகாரக் கரைசலை லிட்டருக்கு 0, 10, 20, 30, 40, 50 மில்லிகிராம் கணக்கில் விடுங்கள். ஒரு நிமிஷம் வேகமாகக் கலக்குங்கள், பத்து நிமிஷம் மெதுவாக, அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். ஏதோ ஒரு கிளாஸில் மண் திரிந்த பால் மாதிரி திரண்டு இறங்கும். அதற்கு மேல் போட்டால் மறுபடி கலங்கும், அல்லது காசுதான் வீண். என் பாட்டி தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துத் தண்ணீர் தெளியவைத்ததும் இதே வேலைதான்.

கெப்போங்_காளை | புதன், மாலை 6.20

இவ்வளவு யோசிப்பானேன்? சிலியில் எஸ்கொண்டிடா செம்புச் சுரங்கம் கடல் தண்ணீரைச் சுத்திகரித்து மலைக்கு ஏற்றுகிறது. விநாடிக்கு 2,500 லிட்டர், 3.4 பில்லியன் டாலர் செலவு. உப்புநீர் ஆலை கட்டி, நிலத்தடி நீர் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஃபில்டர் பிரஸ் போட்டுச் சேற்றைப் பிழிந்து காய்ந்த கேக்காக அடுக்கினால் குட்டையே தேவையில்லை. உலகமே அந்தப் பக்கம் போகிறது, நாம் இன்னும் படிகாரம் கலக்கிக்கொண்டிருக்கிறோம்.

பம்புக்காரன் | புதன், இரவு 9.10

காளை, எஸ்கொண்டிடா இருப்பது அடகாமா பாலைவனத்தில், 3,000 மீட்டருக்கு மேல். மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். ஏற்றுவதற்கு மட்டும் கன மீட்டருக்கு 12 யூனிட். அவர்களுக்கு வேறு வழியில்லை, அதனால் செய்கிறார்கள்.

நமக்கு அதற்கு நேர் எதிரான பிரச்சினை. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. செந்தூல்வாசி, உங்கள் சுரங்கத்தைச் சுற்றி எத்தனை ஹெக்டர் மலைத் தண்ணீர் குட்டைக்குள் இறங்குகிறது? 60 என்று வைப்போம். ஒரு நல்ல மழை 100 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 கன மீட்டர். இதில் குழி, ஆலை, குட்டை என்று அழுக்காகியே தீரும் நிலம் 20 ஹெக்டர்தான். மீதி 40 ஹெக்டரில் விழுந்த 40,000 கன மீட்டர், மேலே இருந்தவரை நல்ல தண்ணீர். உங்கள் குட்டையைத் தொட்ட நிமிஷமே அது கழிவு நீர். லிட்டருக்கு 30 மில்லிகிராம் படிகாரம் என்றால் அந்த ஒரு மழைக்கு மட்டும் 1.2 டன் படிகாரம்!

மலையடிவாரத்தில் ஒரு சுற்றுக்கால்வாய் வெட்டி அந்த 40,000-ஐ அப்படியே ஓடைக்கு அனுப்பிவிடுங்கள். எக்ஸ்கவேட்டர் வாடகைதான் செலவு. கால்வாய் இல்லாத குட்டைக்குக் கரை உயர்த்துவதும் அணை பலப்படுத்துவதும் ஒவ்வொரு வருஷமும் வரும் செலவு.

ஃபில்டர் பிரஸ் பற்றி: பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள சேறு, ஒரு டன் மண்ணோடு ஒரு கன மீட்டர் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். திக்கனர் (சேற்றைப் படியவிட்டுத் தெளிந்த தண்ணீரை மேலே பிரிக்கும் பெரிய தொட்டி) போட்டு 65 விழுக்காடு கெட்டியாக்கினால் 0.54. பிழிந்து 85 ஆக்கினால் 0.18. காகிதத்தில் அழகு. ஆனால் நம் களிமண்ணைப் பிழிய வடிகட்டித் துணி அடைத்துக்கொண்டே இருக்கும், பிழிந்து அடுக்கிய கேக்கின் மேல் மாலை நாலு மணிக்கு மழை கொட்டும். 1,000 டன் சுரங்கத்துக்குத் திக்கனரே போதும் என்பது என் கட்சி. நாளுக்கு 460 கன மீட்டர் கூடுதலாக அங்கேயே திரும்பி வந்துவிடும், தெளிந்தும் வரும்.

குட்டையில் தண்ணீர் தேங்குவது வெறும் செலவுப் பிரச்சினையும் இல்லை. 2019 ஜனவரி 25-இல் பிரேசிலின் புருமாடின்யோவில் உடைந்தது, சேறு கொட்டுவதை நிறுத்திவிட்ட அணை. உள்ளே ஊறிக் கிடந்த தண்ணீர் வடியவில்லை. 270 பேர்.

கோம்பாக்_கிளார்க் | வியாழன், காலை 9.00

சட்டப் பக்கம் ஒரு விளக்கம், இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆலைக் கழிவுநீருக்குச் சுற்றுச்சூழல் துறையின் 2009 விதிகள் இருக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் என்றால் ஏ தரம், மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஆர்செனிக் 0.05. மற்ற இடங்களுக்கு பி தரம், 100-ம் 0.10-ம். ஆனால் சுரங்கம் 1994 கனிம மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதற்கென்று 2016-இல் தனிக் கழிவுநீர் விதிகள் வந்தன. கனிமவளத் துறையிடம்தான் கேட்க வேண்டும். நிலம் மாநில அரசின் கையில். மூன்று கதவையும் தட்டிவிட்டு அறிக்கை எழுதுங்கள்.

பேராக்கில் ஈயத்தோடு ஆர்செனிக் கல்லும் சேர்ந்து வரும் இடங்கள் உண்டு. மண்ணை மட்டும் தெளியவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம்.

பட்டர்வொர்த்_அக்கா | வியாழன், காலை 10.20

கிளார்க் சொல்வது சரி. இன்னொன்று, நம் ஆட்கள் ஈயம் என்பது வெள்ளீயத்தை. அறிக்கையில் வெறும் 'ஈயம்' என்று எழுதினால் காரீயம் என்று எடுத்துக்கொண்டு யாராவது பயந்துவிடுவார்கள். எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது.

சுங்கை_ஆரா_அம்மா | வியாழன், இரவு 8.35

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் தவுக்கேயின் பாக்கெட்டுக்குக் கணக்குப் போடுகிறீர்கள். கீழே குழாய் திறப்பவளுடைய கணக்கை யார் போடுவது?

பினாங்கு குடிக்கும் தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு சுங்கை மூடா. அது பிறப்பது கெடாவில், உலு மூடா காட்டில். அங்கே அரிய மண் உலோகங்களை எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதில் குழியே இருக்காதாம். மலையில் துளை போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றி, அடிவாரத்தில் வடியும் தண்ணீரைப் பிடித்து உலோகத்தை எடுப்பார்களாம். பிடிபடாமல் நழுவுவது எங்கே போகும்?

நதிநீரில் அம்மோனியா 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்த வேண்டியதுதான். சிலாங்கூர்க்காரர்களுக்கு அந்த நாட்கள் நன்றாகத் தெரியும். வாளியோடு லோரிக்குப் பின்னால் ஓடியதற்கு எந்த நிறுவனத்தின் கணக்கில் செலவு எழுதினார்கள்?

பம்புக்காரன் | வியாழன், இரவு 9.30

சுங்கை ஆரா அம்மா கேட்டது நியாயம். என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று சொல்வேன்: அந்த முறையில் மலைக்கு அடியில் களிமண் அடுக்கோ பாறையோ இறுக்கமாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம். ஊற்றியது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று நாளுக்கு நாள் கணக்குக் காட்டச் சொல்ல வேண்டும். கணக்கு இடித்தால் அது நிலத்தடிக்குப் போயிருக்கலாம் என்று அர்த்தம். என்னைக் கேட்டால் குடிநீர் நதியின் தலைப்பில் அந்தச் சோதனையையே செய்யக் கூடாது.

ஈப்போ_பழசு | வியாழன், இரவு 10.50

மூடிய பிறகு யார் காசு கொடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. சபாவில் ரானாவ் பக்கம் மாமுட் செம்புச் சுரங்கம், 1975 முதல் 1999 வரை ஓடியது. கந்தகக் கல்லில் காற்றும் மழையும் பட்டால் அமிலம் ஊறும், ஒருமுறை தொடங்கினால் அதை நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். குழி இன்று அமிலக் குளம். லாபம் எடுத்தது இருபத்துநாலு வருஷம், தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டே இருக்கிறது.

கிந்தாவில் எங்களுக்கு அதிர்ஷ்டம், அடியில் சுண்ணாம்புப் பாறை. அமிலத்தை அதுவே அடக்கிவிடும். அந்த அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு எல்லாக் குட்டையும் நல்ல குட்டை என்று பேசக் கூடாது.

சுங்கை பெசிச் சுரங்கம் ஏரியாகி ஓரத்தில் கடைத்தொகுதி எழுந்தது, சன்வே குழி நீர்விளையாட்டுப் பூங்கா ஆனது. 2014 வறட்சியில் சிலாங்கூர் அரசு பெஸ்தாரி ஜெயா ஈயக் குட்டைத் தண்ணீரை ஆற்றுக்குப் பம்பு செய்தது. உலோகம் இருக்குமோ என்று அப்போது பெரிய சண்டை. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்பா காலத்தில் வேலியில்லாமல் விட்டுப் போன குழி, பிள்ளைகள் விழுந்து செத்த குழி, முப்பது வருஷம் கழித்து ஊருக்குத் தாகம் தீர்க்க வந்து நின்றது.

விருத்தாசலம்_மாப்பிள்ளை | வெள்ளி, காலை 6.45

நான் தமிழ்நாட்டிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வேலைக்கு வந்தவன். எங்கள் ஊர்ப் பக்கம் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் குழியின் தரையே பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும். 1961-இலிருந்து இரவு பகலாக மோட்டார் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையத்துக்கும் ஊருக்கும் வயலுக்கும் போகிறது, சென்னைக்குக்கூட ஒரு பங்கு போயிருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் பிரமாதமான ஏற்பாடு. சுற்றியுள்ள கிராமத்தில் கேட்டால், போர் போட்டால் முன்பு கையெட்டும் ஆழத்தில் வந்த தண்ணீர் எங்கே என்பார்கள். இரண்டும் உண்மை.

செந்தூல்வாசி | ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. நேற்று தவுக்கேயைப் பார்த்தேன்.

அக்கா சொன்ன ஆறு கிளாஸைக் கையோடு கொண்டுபோனேன். கேன்டீன் மேசையில் வைத்துக் கலக்கினேன். 30 மில்லிகிராம் கணக்கில் விட்ட கிளாஸில் மண் திரண்டு இறங்கியதும் அவர் கைப்பேசியைக் கீழே வைத்தார். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருஷம் ஆறு வற்றி ஆலை எத்தனை நாள் நின்றது என்று கேட்டேன். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். ஆறு நாள். நாளுக்கு 2 டன் ஈயம் என்று பிடித்தாலும் ஒரு நாளைக்கு 60,000 டாலர் என்று நான் சொல்ல, அவர் விடவில்லை. "மண்ணு எங்கேயும் ஓடிடாது, அடுத்த வாரம் அரைச்சேன்" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த ஆறு நாளும் சம்பளம், எக்ஸ்கவேட்டர் வாடகை, வங்கித் தவணை எதுவும் நிற்கவில்லையே என்றேன். கணக்குப்பிள்ளை தலையாட்டினார். அந்தத் தொகையை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. திக்கனரின் முதல் தவணைக்குப் போதுமானது என்று மட்டும் சொல்கிறேன்.

முடிவானது இது. சுற்றுக்கால்வாய் உடனே. திக்கனர் அடுத்த வருஷம், அதன் தெளிந்த தண்ணீர்தான் பாலோங்குக்குத் திரும்பும். ஆற்றுப் பம்பைக் கழற்றவில்லை, அவசரத்துக்கு இருக்கும். ஓடையில் ஆர்செனிக் பார்க்க மாதம் ஒரு மாதிரி எடுப்பதற்கும் ஒத்துக்கொண்டார். மூடும்போது ஆகும் செலவுக்கு இப்போதே ஒரு தொகை ஒதுக்கலாமா என்று கேட்டதற்கு, "அப்புறம் பாப்போம்." சுங்கை ஆரா அம்மா, உங்கள் கேள்வி அந்த இடத்தில்தான் நிற்கிறது. விட மாட்டேன்.

பம்புக்காரன் | ஞாயிறு, இரவு 9.45

கால்வாய்க்குச் சரிவு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

செந்தூல்வாசி | ஞாயிறு, இரவு 9.52

நூற்றுக்கு ஒன்றரை. சில இடத்தில் மூன்று.

பம்புக்காரன் | ஞாயிறு, இரவு 9.58

மூன்று வரும் இடத்தில் கல் பதியுங்கள், படிப்படியாக இறக்குங்கள். வெறும் மண்ணாக விட்டால் முதல் மழையிலேயே கால்வாய் தன் கரையைத் தானே அரித்து அந்தச் சேற்றையும் ஓடைக்குக் கொண்டுபோகும். வரைபடத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.